ஸ்பிளின்ட் அணியும் பிள்ளைகளுக்கு இடமும் வலமும் வேறு வேறு அளவில் காலணி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் காலணிக் கடைகளில் நிற்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில், ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் துணிப்பையில் வைத்த ஸ்பிளின்டையும், அதாவது காலில் மாட்டும் பிளாஸ்டிக் தாங்கியையும், பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் பெற்றோரும் இருக்கிறோம். இந்த ஆண்டு நான் ஐந்து கடைகள் ஏறினேன். நான்கில், பையிலிருந்து ஸ்பிளின்டை எடுத்ததுமே, “இதுக்கெல்லாம் நம்மகிட்ட வராதும்மா” என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது கடையில் இருந்த பெரியவர் மட்டும் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஆறு பெட்டிகளுடன் வந்தார். அவர் செய்ததை எல்லாக் கடைகளிலும் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதத்தால் அவளுடைய உடலின் வலப்பக்கம் இறுகியிருக்கிறது. ஸ்பிளின்ட் இல்லாவிட்டால் வலது குதிகால் தரையைத் தொடாது; முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடப்பாள். அதற்காகக் காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, பாலிப்ரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கி அந்த அச்சின் மேல் படியவைத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து விரல் நுனி வரை வரும்படி ஒரு தாங்கி செய்து தந்திருக்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் அதை ஏ.எஃப்.ஓ., அதாவது கணுக்கால்-பாதத் தாங்கி, என்று எழுதுவார்கள். காத்திருப்பு அறையில் நாங்கள் எல்லோரும் ஸ்பிளின்ட் என்றுதான் சொல்லுவோம். இவளைப்போல முழுத் தாங்கி தேவைப்படாமல், பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோல் மட்டும் எழுதித் தரப்பட்ட பிள்ளைகளும் அதே அறையில் பலர் உண்டு. எந்த வகையாக இருந்தாலும் எங்கள் எல்லோருக்கும் உள்ள சிக்கல் ஒன்றுதான். காலுக்குள் வைக்கும் பொருளை அளவெடுத்து, திருத்தி, மறுபடி வரச்சொல்லி, அக்கறையோடு தருகிறார்கள். அதை எந்தக் காலணிக்குள் வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் “கொஞ்சம் பெரிய ஷூவாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்ற ஒரே வரிதான் பதிலாகக் கிடைக்கிறது.

அந்த ஒரு வரியை நம்பி முதல் ஆண்டில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். ஸ்பிளின்ட் நுழையும் அளவுக்குப் பெரிய ஷூவாக ஒரு ஜோடி வாங்கி, ஸ்பிளின்ட் இல்லாத இடக்கால் ஷூவின் முனையில் பஞ்சை அடைத்துக் கொடுத்தேன். ஸ்பிளின்ட் அணிந்த கால் சரியாகத்தான் இருந்தது. நல்ல காலாக இருந்த இடக்கால்தான் ஒவ்வொரு அடியிலும் ஷூவுக்குள் முன்னும் பின்னும் நழுவியது. நழுவாமலிருக்க அவள் விரல்களை மடக்கி ஷூவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்பதை இரண்டு மாதம் கழித்து, விரல் முட்டிகளில் தோல் தடித்திருந்ததைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். இதற்கிடையில் பள்ளிப் படிக்கட்டில் இரண்டு முறை விழுந்தாள். உடம்பின் சமநிலைக்கு அவள் நம்பியிருந்த ஒரே காலையும் நானே தடுமாறவைத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு என்பதை அளந்தால்தான் புரியும். என் மகளின் இடப்பாதம் 18 சென்டிமீட்டர். அதற்குக் குழந்தைகளுக்கான 11-ஆம் எண் ஷூ பொருந்துகிறது. வலப்பாதம் அதைவிடச் சிறியது. பாதிக்கப்பட்ட கால் சற்றுக் குறைவாக வளர்வது இத்தகைய பிள்ளைகளிடம் வழக்கமாகக் காணப்படுவதுதான். ஆனால் அந்தச் சிறிய பாதத்துக்கு மேல் ஸ்பிளின்டை மாட்டி வெளிப்புறமாக அளந்தால் 19.3 சென்டிமீட்டர் வருகிறது. இருபுறமும் தகட்டின் தடிமன் சேர்வதால் அகலமும் கூடுகிறது. எனவே சிறிய காலுக்கு 13-ஆம் எண் தேவைப்படுகிறது. நம் கடைகளில் விற்கும் எண்கள் பிரிட்டிஷ் முறையில் அமைந்தவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். இரண்டு எண் பெரிய ஷூவை இடக்காலில் மாட்டிவிட்டால் 17 மில்லிமீட்டர் வெற்றிடம் தேவைக்கு மேல் உள்ளே கிடக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் பாதத்தில் இது கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு.

காலணி வாங்கப் போகும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, பிள்ளையை மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள், ஸ்பிளின்டை அல்லது இன்சோலையும் அன்றாடம் அணியும் காலுறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்பதுதான். பிள்ளைக்கு ஸ்பிளின்டை மாட்டி ஒரு கெட்டி அட்டை மேல் நிற்கவைத்து, அதன் ஓரமாகப் பென்சிலால் கோடு போட்டு வெட்டியெடுத்துக்கொண்டால், அந்த அட்டையைக் கடையில் ஷூவுக்குள் வைத்துப் பார்த்தே பாதிப் பெட்டிகளை ஒதுக்கிவிடலாம். அட்டை ஓரங்களில் மடங்கினால் அந்த ஷூ அகலம் போதாதது. எண் என்னவாக இருந்தாலும் அது வேண்டாம். ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனங்களின் ஷூக்கள் உள்ளே ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், எண்ணைவிட அட்டையை நம்புவதே நல்லது.

அடுத்து, ஷூவுக்குள் கைவிட்டு அதன் சொந்த இன்சோல் கழன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது மிக முக்கியம். கழற்றக்கூடிய இன்சோல் உள்ள ஷூவில் அதை எடுத்துவிட்டால் சில மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கும். மருத்துவர் தந்த இன்சோல் அந்த இடத்தில் உட்காரும். ஒட்டித் தைத்த ஷூவில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் குதிகால் மேலெழும்பி, ஷூவின் பின்சுவர் பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடிக்காமல், நடக்கும்போது கால் வெளியே வந்துவிடும். மேலே புறங்காலும் நசுங்கும். இன்சோல் போட்டது முதல் பிள்ளை கால் வலிக்கிறது என்று அழுதால், பலரும் இன்சோலைக் குறைசொல்லி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். பல நேரம் குறை இன்சோலில் இருக்காது. அது உட்கார ஷூவில் ஆழம் இல்லாததே காரணமாக இருக்கும்.

ஷூவின் வாய் எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்பிளின்ட் கணுக்காலில் மடங்காது, அல்லது மிகக் கொஞ்சமே மடங்கும். நாம் ஷூ போடும்போது பாதத்தை நீட்டி நுழைத்துப் பிறகு குதிகாலை இறக்குகிறோம். ஸ்பிளின்ட் போட்ட கால் அப்படிச் செய்யாது. அதனால் லேஸாக இருந்தாலும் வெல்க்ரோவாக இருந்தாலும் திறப்பு விரல்களின் அடிவரை போக வேண்டும். நாக்கு முழுவதும் முன்னால் மடிய வேண்டும். வெல்க்ரோ பட்டையின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஸ்பிளின்டின் பருமனைச் சுற்றி வந்த பிறகு பல ஷூக்களில் ஒட்டுவதற்குப் பட்டையில் மீதம் இருப்பதில்லை. எங்கள் ஊர்ச் செருப்புத் தைப்பவர் ஒருவர், இரண்டு பட்டைகளையும் இரண்டங்குலம் நீட்டித் தைத்துத் தந்த நாள் முதல், என் மகள் தன் இடக்கையால் தானே ஷூவை மாட்டிக்கொள்கிறாள். அந்தச் சிறு உதவியால் அவளுக்கு வந்திருக்கும் பெருமிதத்தை அளவிட்டுச் சொல்ல என்னால் முடியாது.

குதிகாலைச் சுற்றிய பின்சுவரை விரலால் அழுத்தினால் அது எளிதில் அமுங்கக் கூடாது. அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடங்கினாலோ துணி பிழிவதுபோல முறுக்க வந்தாலோ, உள்ளே வைக்கும் இன்சோலுக்கு அது உறுதியான தரையாக இராது. அடிப்புறம் தட்டையாகவும் அகலமாகவும் வழுக்காமலும் இருக்க வேண்டும். குதிகால் உயரத்தைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கணுக்கால் அசையாத ஸ்பிளின்ட் அணிந்த பிள்ளைக்கு, ஷூவின் குதிகால் உயர்ந்தால் கீழ்க்கால் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து முழங்கால் மடங்கிவிடும். முன்பிருந்ததைவிடத் தாழ்ந்தால் முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும். ஆகவே புது ஷூ வாங்கியதும், ரசீதையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு, ஸ்பிளின்ட் செய்து தந்தவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிவிட்டு, அதன் பிறகு வெளியே அணிவிப்பது நல்லது. அதுவரை வீட்டுக்குள் சுத்தமான தரையில் மட்டும் நடக்கவிடலாம்.

நீள விஷயத்தில் இன்சோலுக்கும் ஸ்பிளின்டுக்கும் வேறுபாடு உண்டு. இன்சோல் மட்டும் வைக்கும் பிள்ளையை நிற்கவைத்து, மிக நீண்ட விரலுக்கும் ஷூ முனைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியைத் தாண்டிச் செல்லும் தகடுடைய ஸ்பிளின்ட் என்றால், கால் வளர்வதற்கான இடம் ஸ்பிளின்டுக்குள்ளேயே விடப்பட்டிருக்கும். ஷூவிலும் தாராளமாக இடம் விட்டால் முனை தடுக்கிப் பிள்ளை விழும். வீட்டுக்கு வந்த பிறகு ஷூவையும் ஸ்பிளின்டையும் கழற்றிக் காலைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை. மறையாமல் நின்றாலோ, கொப்புளம் தெரிந்தாலோ, மறுபடி அணிவிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலில் உணர்ச்சி குறைவாக உள்ள பிள்ளைகள், குறிப்பாக முதுகுத் தண்டுவடக் குறையுடன் பிறந்தவர்கள், வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு நம் கண்கள்தான் காவல்.

இங்கே வேறொரு கவலையையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. உள்ளங்கால் வளைவு ஆண்டுகள் செல்லச்செல்லத் தானாக உருவாகும். வலியோ விறைப்போ இல்லாத, நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிகிற தட்டைப்பாதத்துக்குப் பெரும்பாலும் எந்த இன்சோலும் தேவைப்படாது. உறவினர் சொன்னார் என்று மருந்துக் கடையில் ஒரு ஜோடி சிலிகான் இன்சோல் வாங்கிப் பிள்ளையின் ஷூவில் திணிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மேலே நான் எழுதியவை எல்லாம் பொருந்தும்.

இனி, பள்ளிகளிடம். பெரும்பாலான பள்ளிகள் பெண் பிள்ளைகளுக்கு, மேலே ஒரே ஒரு பட்டை உள்ள, ஆழமில்லாத கறுப்பு ஷூவைச் சீருடையாக வைத்திருக்கின்றன. அதில் ஸ்பிளின்டும் நுழையாது, இன்சோலும் நிற்காது. ஆண் பிள்ளைகளுக்கான வெல்க்ரோ ஷூவில் இரண்டும் பொருந்துகின்றன. என் மகள் முன்பு படித்த பள்ளியில், சீருடை ஒன்றாக இருக்க வேண்டும் என்று கூறி அந்த ஷூவை மறுத்தார்கள். அவள் வரிசையில் தனியாக நிறுத்தப்பட்ட நாளில் நான் பள்ளியை மாற்ற முடிவு செய்தேன். இப்போது படிக்கும் பள்ளியில் மருத்துவரின் ஒரு வரிக் கடிதமே போதுமானதாக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான வசதியைச் செய்து தருமாறு கல்வி நிறுவனங்களிடம் கேட்கிறது. ஷூவின் பட்டை ஒன்றா இரண்டா என்பதில் காட்டும் விட்டுக்கொடுத்தலைவிடச் செலவில்லாத வசதி வேறு எதுவும் இருக்க முடியாது.

வகுப்பறை வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் பழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் இருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் ஷூவோடு இன்சோலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஸ்பிளின்ட் மட்டும் அணிந்து உள்ளே வரும் பிள்ளைக்கோ பிளாஸ்டிக் அடிப்பாகம் தரையில் வழுக்குகிறது. ஷூ இல்லாத ஸ்பிளின்ட் பாதி வேலைதான் செய்யும். வீட்டிலும் இதே நிலைதான். வெளியே அணியாத ஒரு ஜோடியை வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று வைத்துக்கொள்வதை என் மாமியார் தொடக்கத்தில் ஏற்கவில்லை. பேத்தி அடுப்படி வரை தடுமாறாமல் நடந்து வந்ததைப் பார்த்த பிறகு, அந்த ஜோடியின் அடியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து வைப்பவர் அவர்தான். வகுப்பறைக்கும் அப்படி ஒரு ஜோடியை அனுமதிக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலூரில் வாழும் எனக்கு மிகுந்த ஆதங்கம் தரும் விஷயம் ஒன்று உண்டு. இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆம்பூரிலும், அதையடுத்த வாணியம்பாடியிலும், அருகே ராணிப்பேட்டையிலும் உலக நாடுகளுக்கெல்லாம் தோலும் ஷூவும் செய்து அனுப்புகிறோம். தொழுநோயால் உணர்விழந்த பாதங்கள் புண்ணாகாமல் இருக்க, எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பரைக் கொண்டு காலுக்கேற்பச் செருப்புச் செய்து தரும் மரபு, மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் பணியாற்றிய காலம் தொட்டு இங்கும் அருகிலுள்ள கரிகிரியிலும் வளர்ந்தது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்து, இந்தியக் கால்களுக்கென்றே ‘பா’ என்னும் புதிய அளவுமுறையை முன்வைத்திருக்கிறது. நம் பாதங்கள் அகலமானவை என்பதை அந்த அளவீடு எடுத்துக்காட்டியது. இத்தனை கைத்திறனும் அறிவும் சூழ்ந்திருக்கும் ஊரில், ஒரு பிள்ளைக்கு இடக்கால் 11, வலக்கால் 13 என்று ஒரு ஜோடி வாங்க முடியாமல் நான் இரண்டு ஜோடிக்கும் விலை கொடுத்து வருகிறேன். வளரும் கால் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இப்படி வாங்க வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் இதைச் செய்ய முடியாமல், ஸ்பிளின்டைத்தான் கழற்றி வைக்கிறார்கள்.

ஆகவே காலணி உற்பத்தியாளர்களிடம் கேட்கிறேன். பள்ளி ஷூவில் ஒரே ஒரு மாதிரியையாவது, இருபாலருக்கும் பொதுவாக, கழற்றக்கூடிய இன்சோலுடனும் அகலமான முன்பகுதியுடனும் விரலடி வரை திறக்கும் வாயுடனும் செய்யுங்கள். அந்த மாதிரியில் மட்டுமாவது ஒற்றைக் காலணியாகக் கேட்பவருக்கு விற்க உங்கள் முகவர்களுக்கு அனுமதி கொடுங்கள். அரசுப் பள்ளிகளில் விலையில்லாக் காலணி வழங்கும்போது, ஸ்பிளின்ட் அல்லது இன்சோல் அணியும் பிள்ளைகளுக்கு இரண்டு கால்களையும் தனித்தனியாக அளந்து பட்டியலில் குறிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். செயற்கை அவயவத் துறை இயங்கும் அரசு மருத்துவமனைகளில் ஸ்பிளின்ட் வழங்கும் அன்றே, அதன் வெளி நீளம், அகலம், ஏற்ற குதிகால் உயரம் ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அதைக் கடையில் காட்டி வாங்க எங்களுக்கு எளிதாக இருக்கும்.

இவையெல்லாம் நடக்கும் வரை காத்திராமல் நாளைக்கே தொடங்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. என் வீட்டு அலமாரியில், கடந்த மூன்று ஆண்டுகளில் வாங்கி ஒருமுறைகூட அணியாத காலணிகள் சேர்ந்திருக்கின்றன. இந்த ஆண்டுடையவை வலக்கால் 11, இடக்கால் 13. என் மகளைப்போலவே, ஆனால் இடக்காலில் ஸ்பிளின்ட் அணியும் ஒரு பிள்ளைக்கு அவை அப்படியே ஒரு ஜோடி. அந்தப் பிள்ளையின் வீட்டில் மீந்திருப்பவை என் மகளுக்கு ஒரு ஜோடி. எங்களைப் போன்றவர்கள் வந்து காத்திருக்கும் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுகளில், சுவரோரமாக ஒரு திறந்த அலமாரியும் எண் எழுதிய சீட்டுகளும் வைக்க இடம் கொடுத்தால் போதும். எங்கள் ஊரில் இடம் தரப்படுமானால், முதல் ஆறு காலணிகளை நான் கொண்டுவந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வேலூர்.